அப்பாவுக்குத் தெரியக் கூடாது

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று முதல் எங்கள் வீட்டில் குக்கர் கிடையாது. விசில் சத்தத்தில் அப்பா திடுக்கிட்டால் என்ன செய்வாய் என்று அத்தை கேட்டாள். அம்மா குக்கரைத் துடைத்துப் பரணில் ஏற்றினாள். இனிமேல் பானையில் பொங்கி வடிக்க வேண்டும்.

அப்பா மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள் ஆகிறது. ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அங்கே கொடுத்த தாளை அடுப்பு மேடைக்கு மேலே சோற்றைத் தேய்த்து ஒட்டியிருக்கிறோம். உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன். அப்பளம், ஊறுகாய், கருவாடு, பொரித்தது எதுவும் கூடாது. சிகரெட் கூடவே கூடாது. தினமும் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும், ஏழு மணி நேரம் தூங்க வேண்டும். கடைசி வரி, மன அழுத்தத்தைக் குறைக்கவும். அத்தை அந்த வரிக்கு மட்டும் சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டாள்.

"மத்ததெல்லாம் அவன் பாத்துக்கிடுவான். இது நாம பாத்துக்கிட வேண்டியது. ஒரு கெட்ட செய்தியும் அவன் காதுக்குப் போகக் கூடாது" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஏன் பார்த்தாள் என்று தெரியும். ஜனவரி 21, புதன்கிழமை, அப்பா டூட்டி முடிந்து வந்ததும் நான் சண்டை போட்டேன். கோச்சிங் கிளாஸுக்கு மதுரையில் ஹாஸ்டலில் சேர வேண்டும் என்று கேட்டேன். அப்பா யோசிப்போம் என்றார். "யோசிச்சு யோசிச்சு எனக்கு என்ன செஞ்சிருக்கீங்க?" என்று கத்தினேன். அரை மணி நேரத்தில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்துவிட்டார்.

விலங்கியல் ரெக்கார்டு நோட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறார். அம்மாவும் தூங்கின பிறகு அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

நடைக்கு நான்தான் கூடப் போகிறேன். பள்ளி மைதானத்தைச் சுற்றிப் பன்னிரண்டு சுற்று. அப்பா நடக்கும்போதும் பஸ் ஓட்டுவது போலவே நடக்கிறார். திரும்பும்போது கையைக் காட்டுகிறார், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி வழி விடுகிறார்.

"இருபத்திரண்டு வருசம் உக்காந்தே ஊரைச் சுத்துனேன். இப்ப நடந்தே ஒரு எடத்தைச் சுத்துறேன். ஓவர் டைம் உண்டா, மேடம்?" என்று என்னிடம் கேட்டார்.

சிரித்தேன். ஆனால் அவர் வேகமாக மூச்சு விடும்போதெல்லாம் நின்று அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

சிகரெட்டை நிறுத்திப் பதினேழு நாள். பதிலுக்குக் கிராம்பு மெல்லுகிறார். வீடெல்லாம் பிரியாணிக் கடை மாதிரி மணக்கிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

தெருக்குழாயில் ஆறு நாளைக்குப் பிறகு தண்ணீர் வந்தது. அம்மா எட்டுக் குடம் எடுத்தாள். ஆறாவது குடத்தோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். குடத்தை இறக்கி வைத்து, தாடையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் வியர்வை. மணி காலை ஏழுதான்.

"என்னம்மா?"

"பல்லு வலி. கீழ்த்தாடைல சுருக்குனு இழுக்குது."

"எந்தப் பல்லு?"

"தெரியல பாப்பா. எல்லாப் பல்லும்தான்."

ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். சரியாகிவிட்டது. மீதி இரண்டு குடத்தையும் எடுத்தாள். உள்ளே போகும்போது, "அப்பாட்ட சொல்லிராத" என்றாள். பல் வலியைக் கூடவா?

பிப்ரவரி 14, சனி

அம்மாவின் பெரியம்மா சாத்தூரில் இறந்துவிட்டார். அம்மாவை வளர்த்தவர். அம்மாவும் செந்தட்டி மாமாவும் ரேஷன் கார்டு வேலை என்று சொல்லிவிட்டுக் காலையில் போனார்கள். செந்தட்டி மாமா அம்மாவின் தம்பி, மூன்று தெரு தள்ளி இருக்கிறார். மத்தியானம் திரும்பி வந்து, மாமா வீட்டிலேயே குளித்து, வேறு சேலை மாற்றிக்கொண்டு அம்மா வந்தாள்.

"என்ன கனி, கார்டு வேலை முடிஞ்சதா?" என்று அப்பா கேட்டார்.

"முடிஞ்சதுங்க. கூட்டம்" என்றாள். பிறகு குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அப்பா என்னிடம், "தண்ணியே இல்லங்கிறீங்க, இப்பிடித் திறந்து விட்டிருக்கா" என்றார். நான் போய்க் கதவைத் தட்டவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

அப்பாவுக்குச் சுரைக்காய்க் கூட்டு, கோதுமைச் சாதம். எனக்கும் அதே. அம்மா எல்லாரும் சாப்பிட்ட பிறகு, பழைய டப்பாவில் கிடந்த மோர் மிளகாயையும் கருவாட்டையும் வறுத்து நின்றுகொண்டே சாப்பிட்டாள். "வாங்கினது இருக்கு, தூக்கியா போட முடியும்? தீர்ந்தா நானும் நிறுத்திருவேன்" என்றாள். வாசனை அப்பாவுக்குப் போகாமல் இருக்க அடுப்படிக் கதவைச் சாத்தியிருந்தாள். புகையில் இருமினாள். இருமல் நின்ற பிறகும் முதுகை வளைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் தேய்க்கச் சொன்னாள். தைலம் போட்டுத் தேய்த்தேன். ஜாக்கெட் முழுவதும் நனைந்திருந்தது.

சுளுக்கு என்கிறாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அம்மா கோயிலில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுக்கப் போகிறாள். அப்பாவை மதுரைக்கு வண்டியில் ஏற்றின அன்றே மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாளாம். இன்றுதான் சொன்னாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

ரெஜினா மிஸ் இன்று சுற்றோட்டப் பாடம் எடுத்தார். கரும்பலகையில் இதயத்தை வரைந்து, அதன் மேலே கிளை கிளையாக ஓடும் ரத்தக் குழாய்களைச் சிவப்புச் சாக்பீஸால் போட்டார். ஒரு குழாயில் சாக்பீஸை அழுத்தி அடைத்துக் காட்டினார்.

"நெஞ்சுலதான் வலிக்கும்னு நெனைக்காதீங்க. தாடைல வரலாம். முதுகுல வரலாம். வெறும் வியர்வையும் வாந்தியுமா வரலாம். பொம்பளைங்களுக்கு அப்படித்தான் நிறையப் பேருக்கு வருது. கேஸ்னு சோடா குடிச்சிட்டு உக்காந்திருப்பாங்க."

பெஞ்சில் பக்கத்தில் இருந்த முத்துமீனா, "எங்க அம்மாவுக்குத் தினமும் கேஸ்தான், மிஸ்" என்றாள். வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டார்.

நான் படத்தை நோட்டில் வரைந்துகொண்டிருந்தேன். பேனா நின்றுவிட்டது. படி ஏறினால், குடம் தூக்கினால், தாடை. உட்கார்ந்தால் சரியாகிறது. முதுகு. வியர்வை. இந்த மாதத்தில் நான் பார்த்தது மட்டும் ஏழு தடவை.

அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அப்படி இருக்காது.

மார்ச் 5, வியாழன்

அத்தையிடம் சொன்னேன். அப்பாவின் அக்கா, பெரியவள், ஏதாவது செய்வாள் என்று நினைத்தேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

"வாய்வுடி. நேரத்துக்குத் திங்காம அலையுறால்ல, அதான். பெருங்காயத்தை மோர்ல கலக்கிக் குடிக்கச் சொல்லு."

"மிஸ் சொன்னாங்க அத்தை, தாடைல…"

"உங்க மிஸ் டாக்டரா? இந்தா பாரு யோகு. இத எங்கிட்ட சொன்ன மாதிரி உங்கப்பன்ட்ட போய்ச் சொல்லி வைக்காத. அவன் பொண்டாட்டிக்கு ஒண்ணுன்னா தாங்க மாட்டான். ஏற்கனவே உன் வாயால ஒரு தடவ பட்டது போதும்."

கீரையை முறத்தில் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

என் வாயால்.

மார்ச் 11, புதன்

அப்பாவின் செக்கப்புக்கு மூன்று பேரும் மதுரை போனோம். அப்பாவின் ஃபைலை அம்மா மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் இதய நோயாளிகள். எதிர்ச் சுவரில் பெரிய இதயப் படம். அந்த இடத்தில் வைத்தே அம்மாவுக்கு வந்தது. ஃபைலின் ஓரத்தைக் கசக்கிப் பிடித்தாள். உதடு வெளுத்தது. அப்பா உள்ளே எக்கோ எடுக்கப் போயிருந்தார்.

"அம்மா, இங்கேயே காட்டிருவோம்மா. நான் போய்ச் சீட்டு வாங்குறேன்."

"உக்காரு."

"அஞ்சு நிமிசம்தாம்மா. ஈசிஜி மட்டும்."

"இப்ப அப்பா வெளிய வருவாக. நான் மெசின்ல படுத்துக் கிடந்தா அவுக என்ன ஆவாக? இந்த எடத்துலயே விழுந்திருவாக. உனக்குக் கெஞ்சிக் கேட்டுக்கிடுறேன், உக்காரு பாப்பா."

உட்கார்ந்தேன். சீட்டு வாங்கும் ஜன்னல் பத்தடி தூரத்தில் இருந்தது.

டாக்டர் நல்லவர். அப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "வலி அன்னைக்கு எப்ப ஆரம்பிச்சது, சொல்லவே இல்லையே?" என்று கேட்டார்.

அப்பா தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கிழமையே லேசா இருந்துச்சு சார். மூணு நாளா. டிரிப்பை முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

"டிரிப் முடிஞ்சிருக்கும் உங்களுக்கு" என்று டாக்டர் திட்டினார். பிறகு அம்மாவைப் பார்த்து, "எடை நாலு கிலோ குறைஞ்சிருக்கு. பிரஷர் அருமையா இருக்கு. எல்லாம் உங்க கைப்பக்குவம்மா. இப்படி ஒரு ஆள் வீட்டுல இருந்தா நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்" என்றார். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள் நெற்றியில் இன்னும் வியர்வை இருந்தது. டாக்டர் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

ஞாயிறு என்றால் ஜனவரி 18. நான் கத்தியது புதன்கிழமை.

ஆனாலும் கத்தினேன்.

மார்ச் 17, செவ்வாய்

ரெஜினா மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். லேபில் எல்லாரும் போன பிறகு. அவர் முகம் மாறிவிட்டது. "இன்னைக்கே ஈசிஜி எடுக்கணும் யோகேஸ்வரி. உள்ளூர் ஜிஎச்லயே எடுப்பாங்க. நான் உன்கூட வீட்டுக்கு வர்றேன். அம்மாகிட்ட நானே பேசுறேன்" என்று கைப்பையை எடுத்துவிட்டார்.

மிஸ் வந்தால் அப்பாதான் கதவைத் திறப்பார். "வாங்க மிஸ், என்ன விசயம்" என்று கேட்பார். மிஸ்ஸுக்குப் பொய் சொல்ல வராது.

"வேண்டாம் மிஸ். நானே கூட்டிட்டுப் போறேன். நாளைக்குக் கண்டிப்பாப் போயிருவோம்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா, மிஸ்."

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். ஜிஎச் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிறது. "அங்க நிக்கிற கண்டக்டர் பூராவுக்கும் என்னைத் தெரியும். நான் சீட்டு வாங்குறதுக்குள்ள உங்கப்பாவுக்குப் போன் வந்திரும்" என்றாள் அம்மா. "பொங்கல் முடியட்டும். சட்டியை இறக்கி வச்சதும் மறுநாளே மதுரைக்குப் போவோம். நீயும் நானும் மட்டும். போதுமா?"

மார்ச் 18, புதன்

மிஸ் கேட்டார். போனோம், நார்மல் என்று சொன்னேன். "அப்பாடா" என்று என் தலையில் கை வைத்தார்.

மார்ச் 22, ஞாயிறு

கோயிலில் பொங்கலுக்கு நாள் குறித்துச் சாட்டிவிட்டார்கள். அம்மா காப்புக் கட்டிக்கொண்டாள். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. இனிப் பதினைந்து நாள் விரதம், ஒரு வேளைச் சாப்பாடு. காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இனி மதுரை என்று சொல்லவே முடியாது.

அப்பா அவள் கையைப் பிடித்துக் கயிற்றைப் பார்த்தார். "எனக்காகவாடி?" என்று மெதுவாகக் கேட்டார். "வேற யாருக்கு?" என்றாள்.

மார்ச் 25, புதன்

உட்கார்ந்திருக்கும்போதே வந்தது. குடம் இல்லை, படி இல்லை. ஓடாத டிவி முன்னால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பூண்டு கையிலிருந்து விழுந்தது. பத்து நிமிடம். நான் எண்ணினேன்.

மருந்துக் கடையில் அம்மாவுக்கென்று சொல்லாமல், எனக்கென்று சொல்லி, கேஸ் மாத்திரை வாங்கி வந்தேன். அது கேஸ் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். ஏதாவது கையில் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

மார்ச் 29, ஞாயிறு

செந்தட்டி மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். சட்டியை அம்மாவுக்குப் பதில் நான் எடுக்கிறேன், மாற்றிக்கொள்ளலாமா என்று மட்டும்தான் கேட்டேன். நேர்ந்தவர்தான் எடுக்க வேண்டும், கட்டின காப்பை இன்னொரு கைக்கு மாற்ற முடியாது என்றார். "ஏன், அக்காவுக்கு என்ன?" என்று கேட்டார்.

சொல்லியிருக்க வேண்டும். அப்பா அடுத்த அறையில் மாமாவுக்காக மோர் கலக்கிக்கொண்டிருந்தார், டம்ளரில் கரண்டி சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல மாமா. வெயில் ஜாஸ்தியா இருக்கேன்னு."

ஏப்ரல் 1, புதன்

பரீட்சை. இதயத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். ஐந்து மதிப்பெண். முழுவதும் சரியாக எழுதினேன்.

ஏப்ரல் 4, சனி

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் அப்பாவோடு நடக்கப் போனேன். ஐந்தாவது சுற்றில் சொல்ல நினைத்தேன். பிறகு எட்டாவது. அப்பாவே பேச ஆரம்பித்தார். டிப்போவில் மே மாதத்திலிருந்து லைட் டூட்டி தருவதாகச் சொன்னார்களாம். டிக்கெட் மெஷின் கணக்குப் பார்க்கிற வேலை.

"ஸ்டியரிங்கைத் தொட முடியாது. பரவால்ல. உசுரு இருக்குல்ல" என்றார். "உங்கம்மா இல்லன்னா இருந்திருக்காது பாப்பா. எனக்காக ஒருத்தி நெருப்பைத் தூக்கிட்டு நடக்கப் போறா. நான் அவளுக்கு என்ன செஞ்சேன்? ஒரு நல்ல நாளைக்குக் கூட வீட்ல இருந்ததில்ல. தீவாளிக்கு ஸ்பெஷல் பஸ், பொங்கலுக்கு ஸ்பெஷல் பஸ்."

அவர் கண் கலங்கியது. நின்று, கையை நெஞ்சில் வைத்துத் தேய்த்தார்.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா! அப்பா!"

"ஏய், என்னடி? எறும்பு கடிச்சிருச்சு. சட்டைக்குள்ள பூந்திருச்சு" என்று சட்டையை உதறிக் காட்டிச் சிரித்தார். "நீங்கள்லாம் என்னைக் கண்ணாடி டம்ளர் மாதிரி பாக்குறீங்க."

"அம்மா…" என்று ஆரம்பித்தேன்.

"அம்மாவுக்கு என்ன?"

அவருடைய சட்டை நெஞ்சில் ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

"அம்மா ஓட்ஸ் வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

ஏப்ரல் 5, ஞாயிறு

நாளை.

ஏப்ரல் 6, திங்கள்

இப்போது இரவு இரண்டு மணி. அப்பா உள்ளே தூங்குகிறார். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதினால்தான் உட்கார்ந்திருக்க முடியும்.

காலை ஒன்பது மணிக்குச் சட்டியில் நெருப்பை வளர்த்து அம்மாவின் கையில் கொடுத்தார்கள். மஞ்சள் சேலை. உள்ளங்கையில் வேப்பிலைக் கொத்து, அதன் மேல் சட்டி. "ஆகோ, அய்யாகோ" என்று தெரு முழுக்க அம்மனைக் கூப்பிடும் சத்தம். நூற்றுக்கணக்கான சட்டிகள். நான் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அம்மா கால் வைக்கும் இடத்தில் ஊற்றிக்கொண்டே போனேன். ஊற்றிய மறு நிமிடம் தார் காய்ந்துவிடும். வெயிலும் கூட்டமும் ஆகாது என்று அப்பாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தோம். ஆனால் எங்கள் தெரு முனையில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மாவும் அவரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்க்கவில்லை.

மெயின் பஜாரில் அம்மா நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். "இறக்கி வச்சிரும்மா" என்றேன். கூட்டத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அத்தை பின்னாலிருந்து அவள் இடுப்பில் கை கொடுத்து, "இந்தா வந்திருச்சு கனி, கோபுரம் தெரியுது பாரு" என்று நடக்க வைத்தாள். அத்தையின் மேல் கோபம் இல்லை. அத்தையும் அழுதுகொண்டுதான் நடந்தாள்.

பதினொன்றே முக்காலுக்குக் கோயிலில் சட்டியை இறக்கினாள். கையில் ஒரு கொப்புளம் கூட இல்லை. "ஆச்சு பாப்பா" என்றாள். பந்தல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். வாந்தி எடுத்தாள். முதுகு, முதுகு என்றாள். வெயில் மயக்கம் என்று எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார்கள். நான் அப்போதுதான் கத்தினேன். ஹார்ட் அட்டாக், ஹார்ட் அட்டாக் என்று கத்தினேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கா என்று கேட்டார்கள்.

மாமா ஆட்டோ பிடித்தார். திருவிழாக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. ஜிஎச்சில் ஈசிஜி எடுத்து, ஊசி போட்டு, மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். "எத்தனை நாளா வலி?" என்று டாக்டரம்மா கேட்டார். "ரெண்டு மாசமா" என்று நான் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டது. மணி மூன்று பத்து.

மாமா சுவரில் தலையை முட்டிக்கொண்டார். அத்தைதான் அவரை இழுத்து, "சத்தம் போடாத. அவனுக்குத் தெரிஞ்சா அவனும் போயிருவான். ஒரே நாள்ல ரெண்டா?" என்றாள். கூடிப் பேசினார்கள். இன்றைக்கு அப்பாவிடம் சொல்ல வேண்டாம். காலையில் அவர் நடந்து, சாப்பிட்டு, மாத்திரை போட்ட பிறகு, ஒரு டாக்டரைக் கூட்டி வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லலாம். அதுவரை வெயில் மயக்கம், சலைன் ஏறுகிறது, பார்க்க விடவில்லை என்று சொல்ல வேண்டும். அம்மா இரவு சவக்கிடங்கில் இருக்கட்டும். இரவு அப்பாவோடு இருக்க என்னை அனுப்பினார்கள். முகம் கழுவச் சொன்னார்கள். அத்தை என் தலையை வாரிவிட்டாள்.

அப்பா எனக்காகக் கோதுமை ரவை உப்புமா கிண்டி வைத்திருந்தார். உப்பே இல்லை.

"அம்மா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாங்கப்பா."

"என்ன குடுத்தாங்க?"

"இட்லி."

"எத்தனை?"

"ரெண்டு."

"விரதம் இருந்த வயிறு, ரெண்டு போதாதே. நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வந்து பத்து நாளைக்கு எந்திரிக்க விடாம படுக்க வைக்கணும். சமையல் நான் பாத்துக்கிடுறேன். குக்கர் எங்க இருக்கு?"

மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தேன். நான்கு. தண்ணீர் கொடுத்தேன். ஒன்பதரைக்குப் படுத்துவிட்டார். ஊரில் எல்லாருக்கும் தெரியும். கோயில் வாசலில் பூ விற்கிறவருக்குக் கூடத் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியாது. அம்மா அங்கே தனியாக ஒரு அறையில் கிடக்கிறாள். இவர் அவளுக்கு என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டார்.

எல்லாரும் சேர்ந்து ஒருவரைக் காப்பாற்றுகிறோம். இரண்டு மாதமாக அதைத்தான் செய்தோம்.

மணி இரண்டு நாற்பது. என்னால் முடியாது. அவரை எழுப்பப் போகிறேன்.

ஏப்ரல் 9, வியாழன்

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

பதினாறாம் நாள் முடிந்துவிட்டது. இன்று அப்பாவின் செக்கப். அத்தை வர வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். நானும் அவரும் பஸ்ஸில் போனோம். டிரைவர் எங்களைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டார்.

அன்று இரவு நடந்ததை இன்னும் எழுதவில்லை. அவரைத் தொட்டு எழுப்பினேன். எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. "அம்மா செத்துப் போயிட்டாங்கப்பா. மத்தியானமே" என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். விளக்கைப் போடச் சொன்னார். என் முகத்தைப் பார்த்தார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். வேகமாக அடித்தது. ஆனால் அடித்தது. அப்படியே அடித்துக்கொண்டிருந்தது.

"எப்ப இருந்து வலி அவளுக்கு?"

"பிப்ரவரி பத்தாம் தேதில இருந்து."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"அத்தைக்குத் தெரியும். எங்க மிஸ்ஸுக்குத் தெரியும்."

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஜிஎச்சுக்கு நடந்தார். திருவிழா விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வழியில் ஒரு தடவை கூட நிற்கவில்லை. நாற்பது நிமிடம் நடக்கும் தூரம் அது. சவக்கிடங்கின் வாசலில் உட்கார்ந்து, விடியும்வரை அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

இன்று டாக்டர் எக்கோ எடுத்தார். வேகமாக நடக்க வைத்து ஈசிஜி எடுத்தார். அப்பாவின் மொட்டைத் தலையைப் பார்த்து, திருப்பதியா என்று கேட்டார். அப்பா இல்லை என்று மட்டும் சொன்னார்.

தாள்களைப் புரட்டிவிட்டு டாக்டர் சந்தோஷமாக நிமிர்ந்தார். "பிரமாதம், வேல்ச்சாமி. பம்பிங் நார்மலுக்கு வந்திருச்சு. உண்மையைச் சொன்னா உங்க ஹார்ட் ஜனவரியில ஸ்டென்ட் வச்சதுமே நல்லாத்தான் தேறியிருந்துச்சு. இப்ப இன்னும் ஸ்ட்ராங். வீட்டுல நல்லா பாத்துக்கிடுறாங்க. அம்மா வரலையா இன்னைக்கு?"

அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார்" என்றார். முன்னால் சாய்ந்து கேட்டார்.

"அப்ப, முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருந்தா, நான் தாங்கியிருப்பேன்ல, சார்?"

எதைச் சொல்லியிருந்தால் என்று டாக்டருக்குப் புரியவில்லை. அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.